எண்பது பிஎஸ்ஐ டயருக்கு எந்தச் சென்சார்?

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களிடையே ஒரு குறுக்குவழி புழக்கத்தில் இருக்கிறது. நான்கு சக்கரங்களிலிருந்தும் காற்றழுத்தச் சென்சார்களைக் கழற்றி, முழ நீளமுள்ள பிவிசி குழாய்க்குள் போட்டு, இரண்டு முனையையும் அடைத்து, 35 பிஎஸ்ஐ காற்றேற்றி, பின்னிருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். சில வண்டிகளில் இது பலிக்கவும் செய்கிறது. நான்கு டயரும் நலமாக இருப்பதாக வண்டியின் கணினி நம்பிக்கொண்டிருக்கும்; டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியாது. டயருக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

இப்படிச் செய்பவர்களைக் குறை சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. பெரிய ரிம், தடித்த டயர் என்று மாற்றியபின் பழைய சென்சார் பொருந்தாமல் போயிருக்கும். ஒரு கடையில் மாட்டிவிட்ட புதுச் சென்சார் வண்டியோடு பேசியிருக்காது. அடுத்த கடையில் நான்கையும் மாற்றச் சொல்லியிருப்பார்கள். மூன்றாவது இடத்தில், கம்பெனி ஒரிஜினல் தவிர எதுவும் உதவாது என்றிருப்பார்கள். அலைந்து சலித்தவர் கடைசியில் விளக்கு அணைந்தால் போதும் என்ற இடத்துக்கு வந்துசேர்கிறார்.

எந்தச் சென்சார் வாங்குவது என்பது பார்வைக்குச் சின்னக் கேள்விதான். ஆனால் வானொலி அலைவரிசை, மின்கலத்தின் ஆயுள், உலோக அரிப்பு, டயர் தாங்கும் எடை, நாட்டின் சட்டம் எல்லாம் அதற்குள் பின்னிக் கிடக்கின்றன. கார்காரருக்குச் சொல்லும் பதில் பிக்கப்காரருக்குப் பல இடங்களில் பொருந்துவதில்லை. சென்சாரைத் தனி உதிரிபாகமாகப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது என்பது என் கருத்து. அது டயரின் ஓர் உறுப்பு. டயர் மாற்றும் நாளில், அந்த டயர் கேட்கும் அழுத்தத்துக்கு ஏற்றதாக வாங்க வேண்டிய பொருள்.

இந்தச் சாதனம் சட்டத்தின் மூலம் வந்த கதையே ஒரு பிக்கப்பின் அடிச்சட்டத்தில்தான் தொடங்குகிறது. 2000 ஆகஸ்ட் 9 அன்று ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்தவை. எக்ஸ்ப்ளோரர், ரேஞ்சர் பிக்கப்பின் அடிப்படையில் உருவான வண்டி. நெடுஞ்சாலை வேகத்தில் டயரின் மேல்பட்டை உரிந்து வண்டி உருண்ட விபத்துகளில் 271 பேர் இறந்ததாக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டது. தயாரிப்புக் குறையா, வண்டியின் உயரமா என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று கைகாட்டின. அந்த வாதத்தின் நடுவில் ஓர் எண் இருந்தது: எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் வெறும் 26 பிஎஸ்ஐ. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடேறும். ரப்பரையும் எஃகு இழைப் பட்டைகளையும் பிடித்திருக்கும் ஒட்டு அந்தச் சூட்டில்தான் விடுபடுகிறது.

அதே ஆண்டு நவம்பர் 1 அன்று அதிபர் கிளிண்டன் ‘ட்ரெட்’ சட்டத்தில் கையெழுத்திட்டார். காற்று குறைந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும் ஏற்பாடு புது வண்டிகளில் இருக்க வேண்டும் என்றது அது. 2002இல் வந்த முதல் விதி, ஒரு டயரில் குறைந்தால் மட்டும் கண்டுபிடிக்கும் மலிவான முறைக்கும் இடமளித்தது. ஏபிஎஸ் பிரேக்கின் சக்கர வேக அளவைக்கொண்டு ஊகிக்கும் முறை அது; காற்று குறைந்த சக்கரம் சற்றுச் சிறுத்து வேகமாகச் சுழலும் என்பதே அதன் தர்க்கம். நான்கு டயரும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் அதற்கு எதுவும் தெரியாது. வீட்டு வாசலில் மாதக்கணக்காக மெல்ல மெல்ல இறங்கும் காற்று பெரும்பாலும் நான்கிலும் சேர்ந்துதான் இறங்குகிறது. பப்ளிக் சிட்டிசன் என்ற நுகர்வோர் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. 2005இல் புதிதாக எழுதப்பட்ட 138ஆம் பாதுகாப்புத் தரம், 2007 செப்டம்பரிலிருந்து எல்லாப் புது இலகுரக வண்டிகளுக்கும் கட்டாயமானது. நான்கு சக்கரத்துக்குள்ளும் தனித்தனிச் சென்சார் பரவலாக வந்தது இப்படித்தான். இந்த ஏற்பாட்டால், ஆபத்தான அளவுக்குக் காற்று குறைந்த டயரோடு ஒரு வண்டி ஓடும் வாய்ப்பு ஏறத்தாழ 56 விழுக்காடு குறைந்ததாக 2012இல் அரசு மதிப்பீடு சொன்னது. பிவிசி குழாயை எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்த எண் நினைவுக்கு வரும்.

அந்தத் தரத்தின் இரண்டு வரிகள், சென்சார் வாங்கப் போகிறவர் அறிந்திருக்க வேண்டியவை. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் சொன்ன அழுத்தத்திலிருந்து 25 விழுக்காடு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது ஒன்று. சாதனமே பழுதானால், வண்டியைக் கிளப்பும்போது விளக்கு 60 முதல் 90 விநாடி சிமிட்டிவிட்டு அதன்பின் நிலையாக எரிய வேண்டும் என்பது மற்றொன்று. கிளப்பியதும் நிலையாக எரிந்தால் காற்றைப் பாருங்கள். சிமிட்டிவிட்டு எரிந்தால் சென்சாரைப் பாருங்கள். இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. அக்டோபரில் முதல் குளிர் இறங்கும் காலையில் அமெரிக்காவின் வடமாநிலங்களில் டயர் கடைகளுக்கு முன்னால் வரிசை நிற்கும். வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்குகிறது. அவர்களில் பலருக்குத் தேவை காற்றுதான்.

மிச்சிகனில் பத்துப் பன்னிரண்டு குளிர்காலம் கண்ட வண்டிக்கு இன்னோர் அடையாளம் உண்டு. காலையில் சிமிட்டும் விளக்கு, மதியம் வெயில் ஏறியபின் கிளப்பினால் சும்மா இருக்கும். மின்கலம் சாகப்போகிறது என்பதன் முன்னறிவிப்பு அது. குளிரில் மின்னழுத்தம் சரிகிறது, சூட்டில் கொஞ்சம் மீள்கிறது. அடுத்த டிசம்பரைத் தாண்டாது.

சென்சாரின் உள்ளே என்ன இருக்கிறது? அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும் ஒரு சில்லு, சக்கரம் சுழல்வதை உணரும் ஒரு முடுக்கமானி, குட்டி வானொலி அலைபரப்பி, ஒரு லித்தியம் மின்கலம். நீரும் தூசியும் புகாதபடி எல்லாவற்றையும் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். மின்கலத்தை மட்டும் எடுத்து மாற்ற முடியாததற்கு அதுவே காரணம். வண்டி நிற்கும்போது சென்சார் ஏறக்குறைய தூங்கும். ஓடத் தொடங்கியதும் விழித்து, நிமிடத்துக்கொரு முறை அளவில் தன் அடையாள எண்ணையும் அழுத்தத்தையும் ஒலிபரப்பும். காற்று சடாரென்று இறங்கினால் காத்திராமல் உடனே கூவும். இந்தச் சிக்கனத்தால்தான் நாணயம் போன்ற சின்ன மின்கலம் 5 முதல் 10 ஆண்டு தாங்குகிறது. அதிகம் ஓடும் வண்டியில் சீக்கிரம் தீரும்.

அலைவரிசைக்கு வருவோம். வட அமெரிக்க வண்டிகளில் இரண்டு புழங்குகின்றன: 315 மெகாஹெர்ட்ஸ், 433 மெகாஹெர்ட்ஸ். பெட்டிமேல் 433 என்றும் 433.92 என்றும் எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றே. ஒரே கம்பெனியின் ஒரே மாடல்கூட ஏதோ ஓர் ஆண்டில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியிருக்கும். அலைவரிசை ஒத்துப்போனால் போதும் என்று நினைப்பது பெரிய ஏமாற்றத்தில் முடியும். 315இல் பேசும் டொயோட்டாவின் சென்சாரை 315இல் கேட்கும் ஃபோர்டு புரிந்துகொள்ளாது. தகவலை அடுக்கும் முறை ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. ஒரே ஊர் வானொலியில் வேற்று மொழி கேட்பதைப்போல.

ஆண்டையும் மாடல் பெயரையும் மட்டும் சொல்லி வாங்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது, அது பிக்கப்களுக்கே உரியது. 2019ஆம் ஆண்டு மாடலாகச் செவ்ரலே புது உடல் சில்வராடோ 1500ஐயும், பழைய உடலையே ‘எல்டி’ (LD) என்ற ஒட்டுடனும் ஒரே நேரத்தில் விற்றது. ராம் 1500இலும் அப்படியே. புதியது ஒரு பக்கம், பழைய உடல் ‘கிளாசிக்’ என்ற பெயரில் மறு பக்கம். கடைக்காரர் கணினியில் ‘2019 சில்வராடோ’ என்று தட்டினால் எது வருமென்று சொல்ல முடியாது. வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். அதைவிட உறுதியான வழி, கழற்றிய பழைய சென்சாரையே பார்ப்பது. அதன் முதுகில் உற்பத்தி எண்ணும், அலைபரப்பும் கருவிகளுக்கு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் தரும் அடையாளமும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த அடையாளத்தை ஆணையத்தின் பதிவேட்டில் தேடினால் அலைவரிசை தெரிந்துவிடும். ஆனால் அந்தச் சக்கரத்தில் இருந்தது முந்தைய உரிமையாளர் மாட்டிய தவறான சென்சாராகவும் இருக்கலாம். ஆகவே நான்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

சந்தையில் மூன்று வகை இருக்கிறது. முதலாவது, வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வருவது. பெட்டி ஃபோர்டுடையதாகவோ டொயோட்டாவுடையதாகவோ இருக்கும். உள்ளே இருப்பதைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஷ்ரேடர், கான்டினென்டல், ஜப்பானின் பசிபிக் இண்டஸ்ட்ரியல், ஹூஃப் போன்ற ஒரு சிலர்தான். ஷ்ரேடரை 2014இல் சென்சாட்டா நிறுவனம் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. எத்தனை வண்டிகளுக்குள் அவர்களுடைய பொருள் சுழல்கிறது என்பதை அந்தத் தொகை சொல்லும். ஆக, ஒரிஜினலைச் செய்த அதே கை தன் சொந்தப் பெயரில் விற்பதை வாங்கினால், டீலரின் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் மிச்சம்.

இரண்டாவது, நிரல் எழுதிக்கொள்ளும் பொதுச் சென்சார். ஷ்ரேடரின் ஈஸி-சென்சார், ஆட்டெலின் எம்எக்ஸ்-சென்சார் போன்றவை இந்த இனம். வெறும் பலகையாக வரும். கடைக்காரர் தன் கைக்கருவியில் உங்கள் வண்டியைத் தேர்ந்தெடுத்து, அந்த மொழியை அதற்குள் எழுதுவார். ஒரே இருப்பில் எல்லா வண்டிக்கும் கொடுக்க முடிவதால் கடைகளுக்கு இது பிடிக்கும். எனக்கும் இதில் மனத்தடை இல்லை, ஒரு நிபந்தனையோடு: எழுதும் கருவியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். புது மாடல் பிக்கப்புக்குப் பழைய மென்பொருளால் எழுதியதில்தான் ‘பேசாத சென்சார்’ பிறக்கிறது. மூன்றாவது வகை, இணையத்தில் நான்கும் சேர்ந்து ஒரு ஒரிஜினலின் விலைக்குக் கிடைக்கும் பெயரற்றவை. அவற்றில் நன்றாக ஓடுபவையும் உண்டு. ஆனால் கிடங்கில் எத்தனை ஆண்டு கிடந்தது, மின்கலம் எவ்வளவு சூடு தாங்கும் என்பதைச் சொல்ல அங்கே ஆளில்லை. அது கெட்டுப்போனால் மறுபடி டயரைக் கழற்றி, பீட் எனும் விளிம்பை ரிம்மிலிருந்து விடுவித்து, மாட்டி, பேலன்ஸ் செய்ய வேண்டும். சென்சாரில் மிச்சம் பிடித்ததை அந்தக் கூலி தின்றுவிடும். இந்த வேலையில் விலை கூடியது சென்சார் அல்ல, அது இருக்கும் இடம்.

அதனால்தான் ஒன்று செத்தால் நான்கையும் மாற்றுவதா என்ற கேள்விக்கு, வண்டியின் வயதே விடை. மூன்றாண்டு ஆன வண்டியில் கல் அடித்து ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மாற்றுங்கள். எட்டாண்டு ஆன வண்டியில் ஒன்றன் மின்கலம் தீர்ந்தால், மற்ற மூன்றும் அதே வாரத்தில் பிறந்தவை என்பதை நினையுங்கள். நான் முதல் முறை ஒவ்வொன்றாக மாற்றினேன். பதினான்கு மாதத்தில் நான்கு முறை அதே கடை, நான்கு முறை கூலி. இப்போது டயர் மாற்றும் நாளில் சென்சாரின் வயதைக் கேட்கிறேன். அடுத்த டயர்வரை தாங்காது என்று தோன்றினால் அன்றே நான்கும் புதிது.

இனி, பிக்கப்புக்கே உரிய விஷயம். பெரும்பாலான கார்களுக்கும், அரை டன் என்று அழைக்கப்படும் எஃப்-150, சில்வராடோ 1500 போன்ற பிக்கப்களின் ஆலை டயருக்கும் அட்டை சொல்லும் அழுத்தம் 35 பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும். முக்கால் டன், ஒரு டன் வண்டிகளில் நிலை வேறு. பாரச் சுமைக்கான ‘எல்டி’ (LT) வகை டயர்கள், பக்கச்சுவரில் ‘ஈ’ என்ற சுமை வரம்பு, உச்ச அழுத்தம் 80 பிஎஸ்ஐ. முன்னால் 60, பின்னால் 80 என்று அட்டையில் இருக்கும்.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது வால்வு. சென்சார்கள் இரண்டு விதமாக ரிம்மில் உட்காருகின்றன. ரப்பர் தண்டை ஓட்டையில் இழுத்துச் செருகுவது ஒன்று. உலோகத் தண்டை வெளியிலிருந்து நட்டு போட்டு முடுக்குவது மற்றொன்று. சாதாரண ரப்பர் வால்வின் வரம்பு 65 பிஎஸ்ஐ. 35இல் ஓடும் வண்டிக்கு அது தாராளம். 80இல் ஓடும் பின்சக்கரத்துக்குப் போதாது. உயர் அழுத்தத்துக்கென்றே செய்த ரப்பர் தண்டுகளும் உண்டு, ஆனால் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். பெட்டியில் உச்ச அழுத்தம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிராவிட்டால் உலோகத் தண்டையே கேளுங்கள். சென்சார் எந்த அழுத்தம்வரை வாசிக்கும் என்ற வரம்பும் அப்படியே. கார்களை மனதில் வைத்துச் செய்த ஒன்றை மாட்டிவிட்டு, 80 பிஎஸ்ஐயில் டாஷ்போர்டு கோடு கோடாகக் காட்டுகிறதே என்று வருந்துவதில் பயனில்லை.

உலோகத் தண்டு வலுவானது, ஆனால் அதற்கொரு எதிரி இருக்கிறது: உப்பு. பனி உருகச் சாலையெங்கும் உப்புக் கொட்டும் மாநிலங்களில், அலுமினியத் தண்டும் பித்தளையும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும். சென்சாரின் அலுமினியத் தண்டுக்குள் போட வேண்டிய வால்வு ஊசி நிக்கல் பூசியது. என் வண்டியில் காற்றுப் பிடிக்கவில்லை என்று ஒரு கடையில் ஊசியை மாற்றினார்கள். மேசையில் கிடந்த மஞ்சள் பித்தளை ஊசியை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு குளிர்காலத்துக்குப் பின் அதைத் திருப்பியபோது தண்டே ஒடிந்து கையோடு வந்தது. நல்ல மின்கலத்தோடு இருந்த ஒரு சென்சார், சில காசு பெறாத ஊசியால் குப்பைக்குப் போனது. அழகுக்காக மாட்டும் உலோக மூடியும் இதையே செய்யும். உள்ளே ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் மூடி போதும். டயர் கழற்றும் ஒவ்வொரு முறையும் நட்டு, ரப்பர் வளையம், ஊசி, மூடி நான்கும் அடங்கிய சிறு பொட்டலத்தை மாற்றச் சொல்லுங்கள். நட்டை முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனரால்தான் முடுக்க வேண்டும். கைப்பலத்தில் முடுக்கினால் தண்டு விரிசல் விடும்.

அடுத்தது, என் பார்வையில் இந்த விஷயத்திலேயே மிகவும் கவனிக்கப்படாத இடம். அரை டன் பிக்கப்பின் ஆலை டயரைக் கழற்றிவிட்டு, கல்லுக்கும் சேற்றுக்கும் தாங்கும் என்று எல்டி டயர் மாட்டுகிறவர்கள் ஏராளம். தடித்த டயர், கூடுதல் பாதுகாப்பு என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அதே எடையைச் சுமக்க எல்டி டயருக்குக் கூடுதல் அழுத்தம் தேவை. அதன் கட்டுமானம் உயர் அழுத்தத்தில் வேலை செய்யவே அமைந்தது. 35இல் ஓட்டினால், பழைய டயர் 35இல் சுமந்த எடையை அது சுமக்காது. எவ்வளவு தேவை என்பதை டயர் தயாரிப்பாளரின் சுமை-அழுத்த அட்டவணையில் பார்த்துச் சொல்வது கடைக்காரரின் கடமை. 45 என்றோ 50 என்றோ வரும் என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் கணினிக்கு இது தெரியாது. அது இன்னமும் கதவுத் தூணின் 35ஐயே நம்பியிருக்கிறது. 35இல் 25 விழுக்காடு கழித்து, ஏறத்தாழ 26க்கு இறங்கும்போதுதான் விளக்கைப் போடும். 50 தேவைப்படும் டயர் 30இல் சூடேறிக்கொண்டிருக்கும். டாஷ்போர்டு அமைதியாக இருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த சென்சார் மாட்டியிருந்தாலும் இதே நிலைதான்.

பிவிசி குழாய் வைத்தவருக்கும் இவருக்கும் விளைவில் பெரிய வித்தியாசமில்லை. இவர் அறியாமல் செய்கிறார் என்பதைத் தவிர. சில மாடல்களில் பட்டறைக் கருவி கொண்டு கணினியின் அடிப்படை அழுத்தத்தை மாற்றி எழுத முடியும். எல்டி டயர் வாங்கும் கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். முடியாது என்றால், ஒவ்வொரு சக்கரத்தின் அழுத்தத்தையும் எண்ணாகக் காட்டும் திரை உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விளக்கை நம்பாமல் எண்ணைப் படியுங்கள். இரண்டும் இல்லாதவருக்குக் கையில் பிடித்து அளக்கும் கேஜ்தான் துணை.

சென்சாரை மாட்டியபின் வண்டிக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டும். இதிலும் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் மாறும், சென்சாரைத் தேர்வதிலும் அது குறுக்கிடும். ராம் பிக்கப்கள் பெரும்பாலும் தாமே கற்றுக்கொள்ளும். சற்று நேரம் ஓட்டினால் போதும். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வண்டியைக் கற்கும் நிலையில் வைத்து, முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது என்ற வரிசையில் ஒவ்வொரு சக்கரத்தருகிலும் சிறு கருவியைப் பிடிக்கச் சொல்லும். கருவி 125 கிலோஹெர்ட்ஸில் தட்டி எழுப்பும். சென்சார் பேசியதும் ஹாரன் ஒருமுறை ஒலிக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கான கருவி மலிவு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். டொயோட்டா டகோமா, டண்ட்ராவில் வேலை சற்றுக் கூடுதல்: புதுச் சென்சாரின் அடையாள எண்ணை வண்டியின் கணினிக்குள், ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள இணைப்பு வழியாக எழுத வேண்டும்.

டொயோட்டாகாரர்களுக்கு நிரல் எழுதும் சென்சார் கைகொடுப்பது இங்கேதான். பழைய சென்சாரின் எண்ணையே புதிதில் நகலெடுத்துவிட்டால், மாற்றம் நடந்ததே வண்டிக்குத் தெரியாது. குளிர்காலத்துக்குத் தனி டயர், தனி ரிம் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி; ஆண்டுக்கு இருமுறை பதிவு செய்ய அலைய வேண்டாம். ஆனால் சென்சார் முழுக்கச் செத்தபின் அதனிடமிருந்து எண்ணை வாங்க முடியாது. உயிரோடு இருக்கும்போதே நான்கு எண்களையும் படித்துக் குறித்து வைப்பது நல்லது. சக்கரங்களை முன்பின் மாற்றிப் போடும்போது இன்னொரு கவனம்: முன்னும் பின்னும் வெவ்வேறு அழுத்தம் கேட்கும் கனரக பிக்கப்பில், எந்தச் சென்சார் எங்கே போனது என்று கணினிக்கு மறுபடி கற்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் 60 வைத்த முன்சக்கரத்தைப் பார்த்து 80 எங்கே என்று கேட்கும்.

சட்டம் கடைக்காரரின் கையையும் கட்டியிருக்கிறது. வேலை செய்துகொண்டிருக்கும் பாதுகாப்புச் சாதனத்தை ஒரு கடை தெரிந்தே செயலிழக்கச் செய்யக் கூடாது. நல்ல சென்சாரை எடுத்துவிட்டு வெறும் வால்வு போடச் சொன்னால் மறுப்பார்கள். உங்களிடம் பணம் பிடுங்குவதற்காக அல்ல. முன்பே செத்திருந்த சென்சாரின் இடத்தில் சாதாரண வால்வு போட அவர்களுக்குத் தடையில்லை. அதனால் டயரைக் கழற்றுமுன் நான்கையும் தட்டிப் பார்த்து எது பேசுகிறது, எது பேசவில்லை என்று தாளில் எழுதித் தரும் கடை, இரு தரப்புக்கும் நேர்மையான கடை. மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டைத் தாண்டிய வண்டிகளும், அச்சில் இரட்டைச் சக்கரம் உள்ளவையும் சட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. கூடுதல் சுமை இழுக்கும் வண்டிக்குக் கூடுதல் கண்காணிப்பு வேண்டும் என்பது என் எண்ணம். சட்டம் தலைகீழாக நிற்கிறது.

டிரெய்லர் இழுப்பவர்களுக்கு ஒரு சொல். உங்கள் பிக்கப்பின் நான்கு சென்சாரும் பின்னால் வரும் டிரெய்லரின் டயரைப் பார்ப்பதில்லை. அந்த டயர் வெடித்தால் பல நேரம் ஓட்டுநருக்குப் பக்கத்து வண்டிக்காரர் கைகாட்டித்தான் தெரியவருகிறது. அண்மைக்கால ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்கள் சிலவற்றில் டிரெய்லர் சக்கரங்களுக்கும் சென்சார் சேர்த்துக்கொள்ளலாம். அது இல்லாதவர்கள் வால்வின் மேல் திருகும் மூடி வகையை வாங்குகிறார்கள். அதன் எடை சுழற்சியில் தண்டை ஆட்டும். ரப்பர் தண்டில் திருகாதீர்கள், உலோகத் தண்டு போட்டபின் திருகுங்கள்.

மிஞ்சியது ஸ்டெப்னி. அதற்குச் சென்சார் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பெரும்பாலான பிக்கப்களில் இருப்பதுமில்லை. சரக்குத் தட்டுக்கு அடியில் சங்கிலியில் தொங்கி, உப்புநீரும் சேறும் குடித்து, யாரும் காற்றுப் பார்க்காத டயர் அது. போன இலையுதிர் காலத்தில் நான்கு புதுச் சென்சாரோடு புது டயர் மாட்டியபோது, ஐந்தாவதாக ஒன்றை வாங்கி ஸ்டெப்னியிலும் போடச் சொன்னேன். ஓடாத சக்கரத்தில் அது தூங்கித்தான் கிடக்கும், திரையிலும் வராது. ஆனால் 125 கிலோஹெர்ட்ஸ் கருவியை அடியில் காட்டினால் விழித்து எண்ணைச் சொல்லிவிடும்; மண்ணில் படுத்து, துருப்பிடித்த சங்கிலிக்கு நடுவே வால்வைத் தேட வேண்டாம். இறக்கிப் பார்த்த அன்று அதில் 19 பிஎஸ்ஐ இருந்தது. கதவுத் தூணில் கம்பெனி அட்டைக்குக் கீழே இப்போது ஒரு வெள்ளை ஒட்டுத்தாள் இருக்கிறது: முன் 50, பின் 55, ஸ்டெப்னி 60, மாட்டிய மாதம், ஐந்து அடையாள எண்கள்.